பாஸ்டனுக்கு வந்திருக்கும் தம்பிக்கு, பிரெக்சிட் பற்றி

தம்பி, திருச்சியிலிருந்து இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகருக்கு நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வார்டில் ஒரு பெரியவர், "வெளியேறத்தான் வாக்களித்தோம், ஆனால் முன்னைவிட அதிகமாக வந்து இறங்குகிறார்கள்" என்றாராம். உங்கள் முகத்தைப் பார்த்ததும், "உன்னைச் சொல்லவில்லை, நீ உழைக்கிறவன்" என்றும் சேர்த்துக்கொண்டாராம். பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது, முடிந்த கதை, நமக்கு அதில் என்ன, வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் வெளியேறும் பக்கத்துக்கு நாடு முழுவதும் கிடைத்தது 51.9 சதவீதம். பாஸ்டனில் 75.6. நாட்டிலேயே அதுதான் உச்சம். போலந்து, லிதுவேனியா போன்ற நாடுகள் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் கோஸ் வெட்டவும் காய்கறி பொதி கட்டவும் அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். வெஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் கடைப் பலகைகளைப் பார்த்தே உங்களுக்கு விளங்கிவிடும். ஊர் பெருத்த வேகத்துக்கு வீடும் பள்ளியும் டாக்டரும் பெருகவில்லை. அந்தக் கோபம் முழுவதையும் இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் லண்டனில் நிறைய உண்டு. நான் இருப்பதும் லண்டனின் ஹாரோவில்தான். இருந்தாலும் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கோபத்தை வைத்து வெளியேறும் பக்கத்தார் செய்த பிரசாரம் வேறு சங்கதி. வாரம் 350 மில்லியன் பவுண்டை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது. புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. நம்மவர்களுக்கென்று தனி வாக்குறுதியும் இருந்தது. அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி படேல், வெளியேறினால் 'கறி ஹவுஸ்' எனப்படும் தெற்காசிய உணவகங்களுக்கு நம் பக்கத்துச் சமையல்காரர்களை அழைத்துவருவது எளிதாகும் என்றார். போலந்துக்காரன் விசா இல்லாமல் வருகிறான், என் அண்ணன் மகனுக்கு விசா மறுக்கிறார்கள் என்று பொருமிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் இங்கே அதை நம்பி வாக்களித்தார்கள். ஆனால் இந்திய விசாவைக் கட்டுப்படுத்தியது லண்டன் அரசாங்கம். ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து, "நமக்கு என்ன" என்ற கேள்வி. 2021 ஜனவரியிலிருந்து, அயர்லாந்துக்காரர் தவிர, புதிதாக வரும் ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே புள்ளி முறை விசா: வேலை, சம்பளம், ஆங்கிலம் இவற்றுக்குப் புள்ளி போட்டுக் கொடுப்பது. ஐரோப்பிய நர்ஸுகள் வருவது குறைந்தது. இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியாவிலிருந்து வருவது கூடியது. நாட்டுக்குள் வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த கணக்கு, 2023 நடுவில் முடிந்த ஓராண்டில் 9 லட்சத்தைத் தாண்டியது. பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அப்படி வந்து இறங்கியவர்களில் நீங்களும் அடக்கம், அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்க நின்ற ஆளாக.

பேசலாமா என்றால், பேசலாம். எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் இன்னும் முகம் கொடுத்துப் பேசாத கதைகள் உண்டு. அவர் மறுபடி ஆரம்பித்தால், முன்பு ஊர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அரைமணி நேரம் சொல்வார்.

வார்டில் வாதாட வேண்டாம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. காமன்வெல்த் குடிமகன் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வசிக்கும் உங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை உண்டு. 2016-இலும் அப்படித்தான்: சென்னையிலிருந்து படிக்க வந்திருந்த மாணவன் வாக்களித்தான், நெதர்லாந்துக் குடியுரிமையோடு இங்கே வந்து வரி கட்டிக்கொண்டிருந்த என் மைத்துனருக்கு வாக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பா போய், பிறகு லண்டன் வந்த எங்கள் ஆட்கள் பலருக்கும் இதே நிலைதான். தங்களைப் பற்றிய வாக்கெடுப்பை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

உங்கள் தொகுதியான பாஸ்டன் அண்ட் ஸ்கெக்னஸில் 2024-இல், பிரெக்சிட்டை ஆதரித்து, வெளியாட்கள் வருவதைக் குறைக்கச் சொல்லும் ரிஃபார்ம் யூகே கட்சியின் ரிச்சர்ட் டைஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றார். அவரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் உங்கள் விருப்பம். வேலை செய்கிறவர்களுக்கு அரசு தரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இருந்தால், வாக்காளர் பட்டியலில் பெயரை இணையத்திலேயே சில நிமிடங்களில் பதிந்துவிடலாம். வாக்குச் சாவடியில் படத்தோடு கூடிய அடையாளம் கேட்பார்கள்; இந்தியப் பாஸ்போர்ட் செல்லும்.