வாசகர் கேள்வி – பதில்: வராமற்போன விமானங்களுக்கு உருக்கொடுப்பது

கேள்வி: கிட் பெட்டியில் உள்ள பாகங்களைக் குறிப்பேட்டின்படி ஒட்டி முடிப்பதுதான் மாதிரி விமானக் கலை என்று எண்ணியிருந்தேன். சிலர் இரண்டு மூன்று கிட்டுகளை வெட்டி இணைத்து, உலகில் எங்குமே இல்லாத விமானத்தைச் செய்கிறார்கள். இதற்கு என்ன மதிப்பு?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: விமான வரலாற்றில் படையில் சேராமலே நின்றுபோனவை ஏராளம். பிரிட்டனின் டி.எஸ்.ஆர்.-2 விமானம் 1964 செப்டம்பரில் முதன்முறையாகப் பறந்தது. 1965 ஏப்ரலில் அந்நாட்டு அரசு திட்டத்தையே கைவிட்டது. கனடாவின் ஆரோ 1958 மார்ச்சில் பறந்து, ஓராண்டு நிறைவதற்குள் ரத்தானது. கட்டி முடித்த விமானங்களையும் உடைத்துப் போட்டார்கள். இவை படையில் சேர்ந்திருந்தால் பத்தாண்டு கழித்து எப்படி மாறியிருக்கும், வேறு எந்த நாடு வாங்கியிருக்கும் என்ற கேள்விக்குக் கையால் விடை தேடுவதுதான் நீங்கள் கண்ட வேலை. குறிப்பேட்டின்படி ஒட்டுபவருக்குப் பொறுமை போதும். இதைச் செய்பவருக்கு விமானம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இதை மூலக்கலைக்கு ஒரு படி கீழானதாக நான் கருதவில்லை.

கேள்வி: என்னிடம் 1/72 அளவில் (உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு) எச்.எஃப்-24 மருத் கிட் ஒன்றும், பாகங்கள் குறைந்த, சோவியத் போர் விமானமான மிக்-21இன் பழைய கிட் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து, ‘வலுவான இன்ஜின் கிடைத்திருந்தால் மருத் எப்படி இருந்திருக்கும்’ என்று காட்ட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: இதைவிடப் பொருத்தமான பொருளை நம் நாட்டு வரலாற்றில் தேடிப் பிடிப்பது கடினம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க், பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (இன்றைய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தில் ஒரு குழுவை வைத்து வடிவமைத்த போர் விமானம் மருத். இன்ஜின் வருவதற்கு முன்பே, 1959இல், அதே முழு அளவில் மரத்தால் ஒரு கிளைடரைச் செய்து, இன்னொரு விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டு அதன் குணத்தைச் சோதித்தார்கள் என்பது மாதிரி விமானம் செய்யும் எவருக்கும் மனம் நிறையும் செய்தி. ஒலியின் வேகத்தை நன்கு தாண்ட வேண்டிய வடிவம் அது. ஆனால் அதற்கென எண்ணியிருந்த மேம்பட்ட ஆர்ஃபியஸ் இன்ஜின் கைகூடவில்லை. ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் புகையில் மேலும் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் அமைப்பு) இல்லாத ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்தி, 1961 ஜூனில் பறக்கவிட்டார்கள். 1971 போரில் தரைத்தாக்குதலுக்கு நன்றாக உழைத்த மருத், தன் உடலுக்கு உரிய வேகத்தைக் கடைசிவரை எட்டவேயில்லை.

தாங்கள் முதலில் எடுக்க வேண்டிய கருவி ரம்பம் அன்று, அளவுகோல். மிக்-21இல் இருந்த ஆர்-11 இன்ஜினை மருத்துக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்ஃபியஸின் குறுக்களவு சுமார் 82 சென்டிமீட்டர், நீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர். ஆர்-11இன் குறுக்களவு சுமார் 90 சென்டிமீட்டர். ஆஃப்டர்பர்னரோடு நீளம் 4.6 மீட்டர். 1/72 அளவில் குறுக்களவு வேறுபாடு ஓர் இன்ஜினுக்கு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டு இன்ஜின்கள் அருகருகே அமர்வதால் பின்னுடலை இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் போதும். கண்ணுக்குச் சிறிய அளவுதான். ஆனால் அதைச் செய்யாமல் பெரிய புகைப்போக்கிகளை மட்டும் பின்னால் ஒட்டிய மாதிரியைப் பார்க்கும்போது, உள்ளே இன்ஜினுக்கு இடமில்லை என்று பார்ப்பவர் மனம் காரணம் தெரியாமலே சொல்லிவிடும்.

இனி விளைவுகளை ஒவ்வொன்றாகத் தொடர வேண்டும். வலுவான இன்ஜின் அதிகக் காற்றை விழுங்கும். ஆகவே விமானி அறைக்கு இருபுறமும் உள்ள காற்று நுழைவாய்கள் பெரிதாக வேண்டும். ஆர்-11 ஆர்ஃபியஸைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. அவ்வளவு கனம் பின்னால் ஏறினால் சமநிலை கெடும், அதை ஈடுகட்ட மூக்கு நீள வேண்டும். நீண்ட மூக்கில் ரேடார் வைத்ததாகக் கொள்ளலாம். அப்போது அந்த நீளத்துக்கு இரண்டு காரணங்கள் கிடைத்துவிடுகின்றன. எட்டு மில்லிமீட்டர் சேர்த்தால் உண்மை அளவில் 58 சென்டிமீட்டர் ஆகிறது. அது போதும் என்பது என் கணிப்பு. ஆஃப்டர்பர்னர் எரிபொருளைக் குடிக்கும் என்பதால் இறக்கையின் கீழ் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் வேண்டும். மொத்த எடை கூடியதால் சக்கரங்களும் சற்றுப் பருமனாக வேண்டும். தங்கள் மிக்-21 கிட்டில் இவற்றிற்கான பாகங்கள் எஞ்சியிருக்கக்கூடும்.

உண்மையில் நடந்த ஒரு மாற்றத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் எஃப்-5இ விமானத்தின் இரண்டு சிறிய இன்ஜின்களை எடுத்துவிட்டு, ஒரே பெரிய இன்ஜினை வைத்து எஃப்-20 விமானத்தை 1982இல் பறக்கவிட்டது. மூன்றே விமானங்கள் செய்யப்பட்டன, எவரும் வாங்கவில்லை. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்து எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று பார்த்தால், பொறியாளர் தேவைக்கு மேல் எதையும் தொடுவதில்லை என்பது விளங்கும். கற்பனை விமானத்தில் அந்தச் சிக்கனம்தான் நம்பகத்தைத் தருகிறது.

வெட்டும் வேலைக்கு வருவோம். மூக்கை நீட்ட, உடலின் பேனல் கோடு (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஒட்டித் தடித்த டேப்பைச் சுற்றி, அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே மெல்லிய பல் ரம்பத்தால் சிறிது சிறிதாகச் சுற்றிச் சுற்றி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அழுத்தினால் வெட்டு சாயும். ஒரு மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகட்டில் வெட்டுமுகத்தின் வடிவத்தை வரைந்து எட்டுத் துண்டுகள் நறுக்கி, அடுக்கி ஒட்டினால் இடைத்துண்டு தயார். துண்டுகளை அரை மில்லிமீட்டர் பெரிதாக நறுக்கிவிட்டுப் பிறகு உப்புத்தாளால் உடலின் மட்டத்துக்கு இறக்குவது, சிறிதாக நறுக்கிவிட்டுப் புட்டியால் நிரப்புவதைவிட எளிது. பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் மெல்லிய பசையைப் பயன்படுத்திய இணைப்பைக் குறைந்தது ஒரு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் சில வாரங்களில் அந்த இடம் உள்வாங்கிக் கோடாகத் தெரியும். அகலப்படுத்திய பின்னுடலின் வளைவுகளுக்கு, இரண்டு கலவைகளைப் பிசைந்து பூசும் எபாக்ஸி புட்டியே சிறந்தது. நம் கடைகளில் கிடைக்கும் எம்-சீல் கூட இதற்கு உதவும். விரலை நீரில் நனைத்து இழுத்தால் புட்டியின் ஓரம் பிளாஸ்டிக்கோடு படியும், பின்னால் தேய்க்கும் வேலையும் பாதியாகும்.

உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன் மூக்கினுள் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒட்டிவிடுங்கள். பின்பாரம் கூடிய இந்த மாதிரி, ஈயம் இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: 1/48 கிட்டின் பாகங்களை 1/72 விமானத்தில் பயன்படுத்தலாமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மனித உடலோடு தொடர்பில்லாத பாகம் எதையும் பயன்படுத்தலாம். ஒன்றே முக்கால் மீட்டர் உயர விமானி 1/72 அளவில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர், 1/48 அளவில் 36 மில்லிமீட்டர். ஆகவே விமானி அறை, அதன் கண்ணாடி மூடி, இருக்கை, ஏணி ஆகியவை ஒரே அளவில் இருந்தாக வேண்டும். பார்ப்பவர் கண் விமானத்தின் பருமனை அவற்றைக் கொண்டே முடிவுசெய்கிறது. எரிபொருள் தொட்டி, புகைப்போக்கி, வால், ஏவுகணையின் உடல் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1/48 கிட்டின் எரிபொருள் தொட்டி, 1/72 அளவில் ஆளில்லா விமானத்தின் முழு உடலாகவே ஆகிவிடும்.

கேள்வி: எவ்வளவு தேய்த்தாலும் வண்ணம் அடித்த பிறகு இணைப்புக் கோடுகள் தெரிகின்றன. டெகல்களை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலங்களை) சுற்றியும் வெள்ளி போன்ற பளபளப்பு வருகிறது. என்ன செய்வது?
— வாசகர், சேலம்

பதில்: பல நிறப் பிளாஸ்டிக்கும் புட்டியும் கலந்திருக்கும் உடலில் குறை எங்கே என்று கண்ணால் அறிய முடியாது. முதலில் சாம்பல் நிறப் பிரைமரை (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சை) மெல்லிய பூச்சாக அடித்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள். கோடு, குழி, மேடு எல்லாம் நிழலாகத் தெரியும். நிரப்பி, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பிரைமர் அடிக்க வேண்டும். வெட்டி இணைத்த மாதிரிகளில் இது பல சுற்று நடக்கும். அதைத் தவிர்க்க வழி இல்லை.

டெகலின் பளபளப்புக்குக் காரணம் அடியில் சிக்கிய காற்று. மங்கலான வண்ணப்பரப்பு நுண்ணளவில் சொரசொரப்பானது என்பதால் டெகல் அதன்மேல் முழுமையாகப் படிவதில்லை. டெகல் ஒட்டுவதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு, ஒட்டிக் காய்ந்தபின் மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் புட்டி தேய்க்கிறான். தூசியால் தீங்கு உண்டா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: உண்டு. எபாக்ஸி, ரெசின் இரண்டையும் எப்போதும் நீர் தொட்டே தேய்க்க வேண்டும், தூசி பறக்காது. முகக்கவசமும் திறந்த சன்னலும் கட்டாயம். புட்டியைப் பிசையும்போது கையுறை அணியட்டும். ரம்பத்தையும் பிளேடையும் இன்னும் சில ஆண்டுகள் உங்கள் முன்னிலையில் மட்டும் எடுக்கட்டும்.