கிரியேட்டினின் நோர்மல், ஆனா ஈஜிஎப்ஆர் 58: அம்மாவுக்கு என்ன?

கேள்வி: எங்கட அம்மாவுக்கு 78 வயசு, உப்புவெளியில எங்களோடதான் இருக்கிறா. சீனி வருத்தம் கனகாலமா இருக்கு, பிரஷர் குளிசையும் போடுறா. போன கிழமை எடுத்த ரத்த ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.0, நோர்மல் எண்டு போட்டிருக்கு, ஆனா அதுக்குக் கீழ ஈஜிஎப்ஆர் 58 எண்டு இருக்கு. கனடாவில இருக்கிற தம்பி நெட்ல தேடிப் பாத்துட்டு, இப்பிடி இருந்தா வயசானவங்க கெதியா செத்துப்போவாங்களாம் எண்டு போன்ல அழுறான். எதை நம்புறது டொக்டர்?

பதில்: தங்கச்சி, ஈஜிஎப்ஆர் எண்டுறது கிட்னி ரத்தத்தை எவ்வளவு வடிக்குது எண்ட கணக்கு, நம்பர் குறைஞ்சா வடிக்கிறதும் குறைவு. முதல்ல அந்த 1.0ஐப் பாப்பம். கிரியேட்டினின் எண்டுறது தசையில இருந்து வாற கழிவு. அம்மாட கையப் பிடிச்சுப் பாருங்க, முந்தி மணிக்கட்டில இறுக்கமா நிண்ட காப்பு இப்ப முழங்கை மட்டும் ஏறும். தசை கரைஞ்சிட்டுது, அதால கழிவும் குறைவாத்தான் வருது, கிட்னி வடிக்கிறது குறைஞ்சிருந்தாலும் நம்பர் ஏறாம நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். வயசையும் ஆணா பெண்ணா எண்டதையும் சேத்துக் கணக்குப் போட்டா, அதே 1.0 ஒரு 25 வயசுப் பொடியனுக்கு ஈஜிஎப்ஆர் 107 கிட்ட வரும், உங்கட அம்மாவுக்கு 58தான் வரும். அதால நோர்மல் எண்ட சொல்லோட நிண்டுடாதீங்க.

தம்பி வாசிச்சது பொய்யில்ல, ஆனா அவன் பயப்பிடுற அளவுக்கும் இல்ல. 2010ல ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்கள்ட விபரங்களை ஒண்டாச் சேத்துப் பாத்த பெரிய ஆய்வில, ஈஜிஎப்ஆர் 95 இருக்கிற ஆளோட ஒப்பிட்டா 60 இருக்கிற ஆளுக்கு மரண ரிஸ்க் சுமார் 18 சதவீதம் கூட, 45க்கு இறங்கினா 57 சதவீதம் கூட. இது கூட்டத்துக்குச் சொல்ற கணக்கு, உங்கட அம்மாட நாளை எண்ணிச் சொல்றதில்ல. அதோட கிட்னி பழுதான ஆக்கள்ல நிறையப் பேர் டயாலிசிஸ் வரைக்கும் போறதில்ல, அதுக்கு முன்னமே ஹார்ட் அட்டாக், பாரிசவாதம் எண்டுதான் போறாங்க. கிட்னி நம்பரப் பாக்கிறதே பாதி இதயத்தப் பாக்கிறதுக்குத்தான்.

எனக்குக் கவலை வேற இடத்தில. உங்கட கடிதத்தில யூரின் டெஸ்ட் பத்தி ஒரு வரியும் இல்ல. அதே ஆய்வில, யூரின்ல போற அல்புமின் எண்ட புரோட்டின், ஏசிஆர் எண்ட அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோக் கணக்கில 5ல இருந்து 30க்கு ஏறினாலே மரண ரிஸ்க் 63 சதவீதம் கூடியிருந்தது, அதாவது ஈஜிஎப்ஆர் 45க்கு இறங்கின அளவு பாரம். சீனி வருத்தக்காரர் எல்லாரும் வருஷத்துக்கு ஒருக்கா இதச் செய்யத்தான் வேணும், ரத்தம் குத்தவும் தேவையில்ல, காலையில முதல் போற சலத்தைச் சின்னக் கப்பில பிடிச்சுக் குடுத்தாப் போதும். லேப்ல அந்த அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ எண்டு கேளுங்க, சும்மா யூரின் டெஸ்ட் எண்டு கேட்டா பேப்பர் குச்சிய நனைச்சுப் பாத்து இல்லை எண்டு எழுதி விடுவாங்க, கொஞ்சமாப் போற அல்புமின் அந்தக் குச்சியில பிடிபடாது. ரத்தம், யூரின் ரெண்டையும் மூண்டு மாசத்துக்குப் பிறகு திரும்பப் பாருங்க, மூண்டு மாசம் தொடர்ந்து இருந்தாத்தான் நாள்பட்ட கிட்னி வருத்தம் எண்டு சொல்லுவம், ஒரு ரிப்போர்ட்ட வச்சுச் சொல்ல மாட்டம். வசதி இருந்தா சிஸ்டாட்டின் சி எண்ட டெஸ்டும் கேட்டுப் பாக்கலாம், அது தசைய அவ்வளவு நம்பியிருக்கிறதில்ல, 65 வயசுக்கு மேற்பட்ட 4,637 பேர வச்சு 2005ல வந்த அமெரிக்க ஆய்வில கிரியேட்டினினை விட அதுதான் மரண ரிஸ்க்கை நல்லாக் காட்டினது. அல்புமின் போறது தெரிஞ்சா லொசார்டன் மாதிரிப் பிரஷர் குளிசைகள் இருக்கு, சீனிக்குக் குடுக்கிற சில புதுக் குளிசையும் கிட்னிக்கும் இதயத்துக்கும் உதவும், அது கிளினிக் டொக்டர் பாத்துத் தாறது. கருவாடும் ஊறுகாயும் மட்டும் இண்டைக்கே குறைச்சு விடுங்க. தம்பிக்கு இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டுங்க.

கேள்வி: நான் மூதூர்ல வயல் செய்றன், 66 வயசு. யூரின்ல புரோட்டின் இல்லை எண்டு சொல்லிட்டாங்க, அப்ப கிட்னி நல்லம்தானே? முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக் வாங்கிப் போடுறன்.

பதில்: ஐயா, அப்பிடிச் சொல்ல ஏலாது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமும் எங்கட திருகோணமலை மாவட்டத்திலயே பதவி ஸ்ரீபுரவிலயும் விவசாயிகளுக்கு வாற அந்தக் கிட்னி வருத்தத்தில ஆரம்பத்தில புரோட்டின் பெரிசாப் போறதில்ல, அதால ரத்தத்தில கிரியேட்டினினும் பாத்து ஈஜிஎப்ஆரும் எழுதித் தரச் சொல்லுங்க. டைக்ளோபெனக்கை நீங்களாப் போடுறத இண்டையோட விடுங்க. வெயில்ல வேர்த்து, தண்ணி குடியாம வேலை செய்ற ஆளுக்கு அந்தக் குளிசை கிட்னிக்குப் போற ரத்தத்தை இன்னும் குறைக்கும், பிரஷர் குளிசையும் சலம் போற குளிசையும் சேத்துப் போட்டா இன்னும் மோசம். இப்போதைக்கு முழங்காலுக்கு பனடோல் போடுங்க, ஒரு நாளைக்கு எத்தினை எண்டு கேட்டுப் போடுங்க, கிளினிக் போகேக்க பார்மசியில வாங்கின குளிசைக் கார்டையும் கையில கொண்டு போங்க.