12 லட்சம் கொடுத்து வாங்கும் வேலை

அம்பத்தூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

சார், நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. பி.இ. மெக்கானிக்கல் முடித்த மகனுக்கு மின்வாரியத்தில் வேலை வாங்கித் தர ஒருவர் 12 லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா? பிளஸ் டூ முடித்த மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பிடிக்க ஒரு கல்லூரியில் ரசீது இல்லாமல் 3 லட்சம் கட்டலாமா? இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான், வேண்டாம். ஆனால் ‘ஊரே கொடுக்கிறது, நான் மட்டும் என்ன?’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் வேலை தேடிய 1980-களில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு கார்டைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருப்பார்கள். டெலிபோனுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எது அரிதோ அதற்கு மேசைக்கு அடியில் ஒரு விலை இருந்தது. 1984-க்குப் பிறகு சுயநிதி பொறியியல் கல்லூரிகள் வந்தபோது, சீட்டுக்கும் அப்படி ஒரு விலை வந்தது. நன்கொடை வாங்கக் கூடாது என்று 1992-ல் தமிழ்நாடு அரசு சட்டமே போட்டது. அதற்கப்புறமும் பணம் நிற்கவில்லை, ரசீது மட்டும் நின்றுபோனது.

1991-ல் பொருளாதாரம் திறந்த பிறகு கதை மாறியது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்தது, ஓஎம்ஆர் சாலை நெடுகக் கம்பெனிகள் எழுந்தன. கேம்பஸில் டெஸ்ட் எழுதி உள்ளே போன பிள்ளைகளிடம் யாரும் சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. யார் கையிலும் காசைத் திணிக்காமல் மேலே வரலாம் என்ற நம்பிக்கை பல நடுத்தரக் குடும்பங்களுக்கு அப்போதுதான் வந்தது. 2011-ல் அண்ணா ஹசாரேவுக்கு ஆதரவாகத் தெருவுக்கு வந்த இளைஞர்களில் இந்தத் தலைமுறை நிறைய. ஆனால் அவர்களே அப்பா அம்மா ஆனதும் எல்கேஜி சீட்டுக்கு ரொக்கம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தாலுகா ஆபீஸில் ஐந்நூறு கேட்டால் வருகிற கோபம், பள்ளியில் ஐம்பதாயிரம் கேட்டால் வருவதில்லை. (என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் உண்டு.) கையில் காசு புழங்கப் புழங்க, கொடுப்பது தப்பா என்ற கேள்வி போய், போட்ட காசு திரும்பி வருமா என்ற கேள்வி வந்துவிட்டது.

சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். 12 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 24,000 வட்டி. மகனின் சம்பளத்தில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும். அசலை எங்கிருந்து எடுப்பான்? புது இணைப்பு கேட்டு வாசலில் நிற்கும் மனிதரிடமிருந்துதான். அந்த மனிதர் உங்களைப் போலவே ஒரு அப்பாவாக இருப்பார்.

இது, வேலை கிடைத்தால் வரும் கணக்கு. கிடைக்காது என்பதுதான் நிஜம். வாரியங்களுக்கான ஆள் தேர்வையும் 2022-ல் டிஎன்பிஎஸ்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அங்கேயே 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டில், 99 பேருக்கு இனி தேர்வே எழுத முடியாதபடி வாழ்நாள் தடை விழுந்தது. அதோடு, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதே குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

மகனை ஒரு வருடம் சும்மா உட்கார்ந்து படிக்க விடாதீர்கள். பட்டதாரி அப்ரென்டிஸ் பயிற்சிக்குப் பதியச் சொல்லுங்கள், அதற்கான தென்மண்டல வாரியம் தரமணியில்தான் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு இன்னும் இடம் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பத் தேர்வு, ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு இரண்டுக்கும் படிக்கலாம். பாடம் பெரும்பாலும் ஒன்றேதான்.

மகள் விஷயம் இன்னும் எளிது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 65 சதவீத இடங்களும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களும் கவுன்சிலிங்குக்கு வருகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால், அதே மார்க்குக்கு இதைவிட நல்ல கல்லூரியில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) கிடைக்கக்கூடும். சாஃப்ட்வேர் கம்பெனிகள் இசிஇ பிள்ளைகளையும் எடுக்கின்றன. சாய்ஸ் நிரப்புவதற்கு முன்னால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டை ஒருமுறை பாருங்கள். பேருந்து விளம்பரத்தில் வராத செய்தி அதில் இருக்கும். ரசீது இருக்கும் கட்டணத்துக்குத்தான் வங்கி கல்விக்கடன் தரும், அந்த 3 லட்சத்துக்குத் தராது.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரம். மகனின் ஒரிஜினல் சர்டிபிகேட் எதையாவது அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு அவர் இழுத்தடித்தால், வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவுக்குப் போங்கள். வேலை மோசடிக்கென்றே அங்கே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கொடுத்தவர் நீங்கள்.