கால்நடை டாக்டருக்குப் பொது சுகாதாரத்தில் என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

கால்நடைப் பராமரிப்புத் துறையில் நோய் புலனாய்வுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, இணை இயக்குநராக ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

என் மகள் கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பொது சுகாதாரத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்கிறாள். 'மனுஷனுக்கு வரும் நோயைப் பார்க்க எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்களே, மாட்டு டாக்டரை யார் கூப்பிடுவார்கள்?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— ஒரு தந்தை, திருப்பத்தூர்

ஐயா, உங்கள் பக்கத்து ஊர்களில் ஆடு வளர்ப்பவர்களுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் தெரியும். அதை வைத்தே சொல்கிறேன்.

நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு விடிகாலையில் பட்டியில் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக, உறையாத ரத்தம். வளர்த்தவருக்கு அது பெரிய நஷ்டம். கொஞ்சமாவது தேறட்டும் என்று உரித்து, கூறு போட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். சில நாள் கழித்து, உரித்தவரின் கையில் ஒரு கொப்புளம் வரும். வலி இருக்காது. நடுவில் கறுத்துப்போகும். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்கிருக்கும் டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிடுவார். ஆனால் அவர் முன்னால் இருப்பது ஒரே ஒரு கை. எத்தனை ஆடு செத்தது, தோல் எந்த ஊர் வியாபாரிக்குப் போனது, கறியை யார் யார் வாங்கினார்கள், மிச்சத்தை எங்கே போட்டார்கள் என்பதெல்லாம் பட்டிக்குப் போனவருக்குத்தான் தெரியும்.

பட்டிக்குப் போகிறவர் உங்கள் மகள். ரத்தம் இப்படி வந்திருந்தால் அவள் பிரேதத்தை அறுக்க மாட்டாள். அறுத்தால் கிருமிக்குக் காற்றுப் படும். காற்றுப் பட்டால் அது வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். காது நரம்பில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பாள். மூங்கில் கணு போல நீலக் குச்சிகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை. சந்தேகமே வேண்டாம், அடைப்பான்தான். ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைப்பாள். சுற்றியுள்ள ஊர்களின் ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி போடுவாள். அந்த ஊசி மருந்து உங்களுக்குப் பக்கத்திலேயே, 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. பிறகு கறி வாங்கியவர்களின் பெயர்களை எழுதி சுகாதார நிலையத்துக்குக் கொடுப்பாள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் அவர்களால் வீடு வீடாகப் போய்ப் பார்க்க முடியும்.

உறவினர்கள் வெளிநாட்டு உதாரணம் கேட்டால் நியூயார்க் கதையைச் சொல்லுங்கள். 1999 கோடையில் அங்கே வயதானவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவால் பரவும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அதே சமயம் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையைச் சுற்றிக் காக்கைகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிறகு உள்ளேயிருந்த பூநாரைகளும் சாக ஆரம்பித்தன. அங்கே நோய்க்குறியியல் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் டிரேசி மெக்நமாரா என்ற கால்நடை மருத்துவர். செயின்ட் லூயிஸ் கிருமி பறவைகளை இப்படிக் கொல்லாது. குதிரை மூளைக்காய்ச்சல் என்றால் ஈமு கோழிகள் முதலில் செத்திருக்க வேண்டும். அவை நன்றாக இருந்தன. ஆக, இது இரண்டும் இல்லாத வேறொன்று என்று அவர் வாதாடினார். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. அவர் விடாமல் மாதிரிகளை வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார். கடைசியில் அது மேற்கு நைல் வைரஸ் என்று தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு முன் அது காலடி வைத்ததே இல்லை. மனித நோயாளிகளை மட்டும் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத தடயம், காக்கையையும் சேர்த்துப் பார்த்தவருக்குக் கிடைத்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மலேசியாவில் நிபா வந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையும் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். உண்மையில் அது பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது. சாவு நின்றது, பத்து லட்சம் பன்றிகளை அழித்த பிறகு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் பன்றிக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் அந்த நோய் மனிதர்களிடம் முதலில் அறியப்பட்டது 1955இல், உங்கள் பக்கத்து வேலூரில்.

உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள் ஐயா. மகளிடம் பெருமையாகவே இருங்கள்.

இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் செட்டில் பாதிப் பேர் நகரத்தில் நாய், பூனை கிளினிக் வைக்கப்போகிறார்கள். மீதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள். பொது சுகாதாரம் பாடமாக இருக்கிறது. வேலையாக எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
— மாணவர், ஒரத்தநாடு

தம்பி, 'பொது சுகாதாரக் கால்நடை மருத்துவர்' என்று பலகை மாட்டிய அலுவலகம் அதிகம் இல்லை. அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, உங்கள் நண்பர்கள் படிக்கும் அதே டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக உட்காருவதைப் பலர் சினை ஊசி போடும் வேலை என்றே நினைக்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் புதிய நோய் எது வந்தாலும் முதலில் பார்க்கிறவர் அவர்தான். அங்கிருந்து மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்குப் போகலாம். மாதிரி எடுப்பது, நோய் கிளம்பிய ஊருக்கு ஓடுவது, அறிக்கை அனுப்புவது எல்லாம் அங்கேதான். என் பணிக்காலத்தில் நான் மனதார விரும்பிச் செய்த வேலை அது.

மாநகராட்சிகளிலும் கால்நடை மருத்துவர்கள் உண்டு. தெருநாய்க் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, இறைச்சிக்கூடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தியாவில் வெறிநாய்க்கடியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2030க்குள் அதைப் பூஜ்யமாக்கும் தேசியத் திட்டம் 2021இல் வந்தது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். மனிதருக்குக் கடிபட்ட பின் போடும் ஊசி அந்த ஒருவரைக் காப்பாற்றும். நாய்க்குப் போடும் ஊசி தெருவையே காப்பாற்றும். இதற்காக அதிகாலையில் நாய் பிடிக்கும் குழுவோடு போகும் மருத்துவரைச் சமூகம் கொண்டாடுவதில்லை. எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை.

இறைச்சிக்கூட வேலையையும் இளைஞர்கள் முகம் சுளித்து ஒதுக்குகிறார்கள். அறுப்பதற்கு முன் உயிரோடு ஒரு முறை, அறுத்த பின் ஈரல், நுரையீரல், நிணநீர்க் கட்டி என்று ஒரு முறை பார்க்க வேண்டும். காசநோய்க் கட்டியும் நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் அங்கே கண்ணில் படும். எந்த வட்டாரத்து மந்தையில் என்ன நோய் ஓடுகிறது என்று அங்கே நின்றே சொல்லிவிடலாம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்குக் கால்நடை அறிவியல் பட்டமும் தகுதியானது. இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. விலங்குகளும் இறைச்சியும் கப்பலில், விமானத்தில் வந்திறங்கும் இடத்தில் மத்திய அரசின் தனிமைப்படுத்தும் நிலையம் இருக்கிறது, சென்னையிலும் உண்டு. ராணுவத்தில் கால்நடை மருத்துவப் படைப் பிரிவு இருக்கிறது.

ஆராய்ச்சிப் பக்கம் போனால், பெங்களூரில் கால்நடை நோய்ப்பரவலியலுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் மாதிரிகள் உறுதிப்படுத்தப் போகும் உயர்பாதுகாப்பு ஆய்வகம் போபாலில் இருக்கிறது. புனே வைராலஜி நிறுவனத்தையும் பாருங்கள். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா காட்டில் குரங்குகள் செத்தபோது, கியாசனூர் காட்டுக் காய்ச்சலை அடையாளம் கண்டவர்கள் அவர்கள். டெல்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் விலங்குவழி நோய்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. நாக்பூரில் மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலனும் ஒன்றோடொன்று பிணைந்தது என்னும் 'ஒரே நலம்' கருத்துக்காக ஒரு தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆராய்ச்சித் திட்டங்களில் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருந்தால் யோசித்துச் சேருங்கள். மாவட்டந்தோறும் சுகாதார அலுவலகத்தில் ஒரு கால்நடை மருத்துவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

என் யோசனை: முதல் மூன்று நான்கு வருடம் கிராமத்தில் இருங்கள். மாடு பிடித்துக் காய்ச்சல் பார்க்காதவர் நோய்ப்பரவல் வரைபடம் போட்டால், அதில் புள்ளி இருக்கும், ஊர் இருக்காது.

எட்டு வருடமாகக் கால்நடை உதவி மருத்துவர். நோய்ப்பரவலியலில் மேற்படிப்பு படிக்க ஆசை. எம்.வி.எஸ்சி.யா, எம்.பி.எச்.சா? குழந்தை சிறியது, உடனே விடுப்பு எடுக்கவும் முடியாது.
— கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்

ஆய்வகமோ கல்லூரி ஆசிரியர் பணியோ குறி என்றால் கால்நடைப் பொது சுகாதாரத்தில் எம்.வி.எஸ்சி. மனித சுகாதாரத் துறையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால் எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுகலைப் படிப்பு. கால்நடை மருத்துவர்களைச் சேர்க்கும் எம்.பி.எச். படிப்புகள் இருக்கின்றன, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தகுதி வேறு, விளம்பரத்தைக் கவனித்துப் படியுங்கள்.

விடுப்பு கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் மருந்தகத்துப் புறநோயாளிப் பதிவேடே பெரிய பாடப்புத்தகம். எட்டு வருடப் பதிவில் கருச்சிதைவு எந்த ஊரில், எந்த மாதத்தில் கூடியிருக்கிறது என்று மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஊரில் மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்கு யார் போகிறார்கள் என்று அங்கிருக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாட்டில் கருச்சிதைவையும் மனிதரிடம் இப்படிக் காய்ச்சலையும் உண்டாக்கும் புருசெல்லோசிஸ் இப்படித்தான் பிடிபடும்.

நீங்கள் இருப்பது கோழிப் பண்ணை மாவட்டம் வேறு. 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தது. கேரளத்துக் குட்டநாட்டு வாத்துகளில் அது வரும்போதெல்லாம் வாளையாறு, புளியரை எல்லைச் சோதனைச் சாவடிகளில் நம் ஆட்கள் லாரிச் சக்கரத்துக்கு மருந்தடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோலிஸ்டின் என்ற மருந்தைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்க 2019இல் மத்திய அரசு தடை போட்டது. மனிதருக்கு வேறு மருந்து எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. பண்ணைக்காரரிடம் உட்கார்ந்து இதை விளக்குவதும் பொது சுகாதார வேலைதான். பட்டம் வந்த பிறகு தொடங்க வேண்டும் என்பதில்லை.

வெக்கை நோயை, அதாவது ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோயை, நாம் ஒழித்ததும் இப்படித்தான். தடுப்பூசியை நிறுத்திவிட்டு, நோய் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று ஊர் ஊராக, மாட்டுச் சந்தை சந்தையாகத் தேடினோம். இந்தியாவில் கடைசியாக அது வந்தது 1995இல். உலகமே விடுபட்டதாக 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து, உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான். அதைத் தேடி நடந்தவர்களில் மிகப் பலர் உங்களைப் போல மருந்தகத்தில் இருந்தவர்கள்.

வெளிநாட்டில், ஐ.நா. அமைப்புகளில் கால்நடை மருத்துவருக்கு இடம் உண்டா?
— வாசகர், கோவை

உண்டு. ரோமில் உணவு, வேளாண்மை அமைப்பு, ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனம். ஐ.நா.வில் சேராத தனி அமைப்பு ஒன்று பாரிஸில் இருக்கிறது, உலக விலங்கு நல அமைப்பு. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்க, பெல்ஜியத்தில் வெக்கை பரவியது. அந்த அதிர்ச்சியில் 1924இல் பிறந்தது அது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் கால்நடை மருத்துவர்களைச் சேர்க்கிறது; ஜேம்ஸ் ஸ்டீல் 1947இல் அங்கே இதற்கென்று பிரிவு தொடங்கினார். இங்கெல்லாம் பட்டத்தோடு கள அனுபவத்தையும் கேட்பார்கள். புள்ளியியலும் தெளிவாக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கமும் வேண்டும்.

என் மகன் படித்து முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறான். நாய்க்கடி, மாட்டு நோய் என்று பயமாக இருக்கிறது. பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. வெறிநோய்க்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசியை அவர் போட்டிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். அதை முழுதாகப் போட்டவருக்குப் பிறகு கடிபட்டால் உடனே ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என்று இரண்டே ஊசி போதும். ஆனால் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவது அவருக்கும் கட்டாயம்.

கன்றுகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி தன் கையில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ அவருக்கே நோய் வரலாம். உடனே கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குள் கையை விட்டு எடுக்கும்போது தோள்வரை நீண்ட கையுறை இல்லாமல் தொடக் கூடாது. எந்தக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனாலும் 'நான் கால்நடை மருத்துவர், மாடு தொடுகிறவன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகாமுக்குப் போகும் பையில் கையுறை, முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு கட்டி சோப்பு இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணாடி மருந்தகத்தில் கொடுக்கவில்லை என்றால் சொந்தக் காசிலாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.