கருப்பட்டியைக் கரைத்தால் பதநீர் வருமா?

கேள்வி: 'பழையபடி மாறினால் இயற்பியல் மாற்றம், மாறாவிட்டால் வேதியியல் மாற்றம்' என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மனப்பாடம் செய்கிறாள். பதநீர் கருப்பட்டியாவது இதில் எது ஐயா? கருப்பட்டியைக் கரைத்தால் பதநீர் வந்துவிடாதா?
- ஒரு வாசகி, சாயல்குடி

பதில்: வராதும்மா. கருப்பட்டித் தண்ணீர்தான் வரும்.

சாயல்குடிக்காரரிடம் கருப்பட்டி பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன். பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. மற்றது பெரும்பாலும் தண்ணீர். காய்ச்சும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியானாலும் அது தண்ணீர்தான், அதனால் இயற்பியல் மாற்றம். வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் பார்ப்பதும் இதே வேலைதான்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. என் சித்தி பாகு காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பொங்கி வந்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார், நுரை அடங்கிவிடும். நிறம் முதலில் தேன் மாதிரி, அப்புறம் பழுப்பு. தெருமுனை வரை வாசம். அந்த நிறமும் வாசமும் பதநீரில் கிடையாது. சூட்டில் சர்க்கரை சிதைந்தும், பதநீரிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்தும் உண்டான புதுப் பொருள்கள் அவை. இது வேதியியல் மாற்றம். ஒரே சட்டியில் இரண்டும் நடக்கிறது.

கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அடுப்பே வேண்டாம். சர்க்கரை புளித்து ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறி, பதநீர் கள்ளாகிவிடும். அதுவும் வேதியியல்தான்.

உங்கள் மகள் படிக்கும் சூத்திரத்தை நானும் பல வருடம் வகுப்பில் சொன்னவன். காளவாசல் வேலைக்காரர் மகன் ஒருவன், "சுண்ணாம்பு சுவத்துல ஏன் சார் இறுகுது?" என்று கேட்டான். பதில் சொல்லச் சொல்ல நானே மாட்டிக்கொண்டேன். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு படியும் வேதியியல் மாற்றம்! கருவேல விறகைப் பிளந்தால் திரும்ப ஒட்டாது. அதற்காக அது வேதியியல் ஆகிவிடுமா? வேறு பொருள் உண்டானதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பரீட்சையில் இரண்டையும் எழுதட்டும். ஒன்றைத்தான் எழுதவேண்டும் என்றால், அந்தப் பழுப்பு நிறத்துக்காக வேதியியல் என்றே எழுதட்டும்.