ரெப்போசிட்டரி இன்டர்ஃபேஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, எங்கள் பில்லிங் மென்பொருளில் 42 டேபிள். டேபிளுக்கு ஒன்றாக 42 ரெப்போசிட்டரி எழுதிவிட்டோம். சரிதானே?

பதில்: சரியில்லை தம்பி. ரெப்போசிட்டரி என்பது டேட்டாபேஸில் எழுதவும் எடுக்கவும் நம் கோடு போகிற வாசல்; அந்த வாசலில் என்னென்ன கேட்கலாம் என்ற மெத்தட் பட்டியல்தான் அதன் இன்டர்ஃபேஸ். பில்லும் பில்லின் வரிகளும் (டாக்ஸ் அல்ல, பொருளுக்கு ஒன்றாக வரும் லைன்கள்) இரண்டு டேபிள்தான், ஆனால் பில் இல்லாமல் வரிக்குப் பிழைப்பு ஏது? வரிக்குத் தனி ரெப்போசிட்டரி இருந்தால், யாராவது வரியை மட்டும் திருத்திவிட்டுப் போவார்கள்; மொத்தத் தொகை பழையபடியே நிற்கும். சேர்ந்தே மாற வேண்டியவற்றுக்கு வாசல் ஒன்றே போதும்.

கேள்வி: ஜாவாவின் ஸ்ப்ரிங் டேட்டா லைப்ரரியில் உள்ள ஜேபிஏரெப்போசிட்டரி இன்டர்ஃபேஸை எக்ஸ்டென்ட் செய்தால் எல்லாம் சும்மா கிடைக்கிறதே?

பதில்: எல்லாவற்றையும் அழிக்கும் டெலீட்ஆல் கூடத்தான் கிடைக்கிறது! பில் புத்தகத்தில் அது எதற்கு? அதே ஸ்ப்ரிங் டேட்டாவில் மெத்தடே இல்லாத 'ரெப்போசிட்டரி' என்ற இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அதை எக்ஸ்டென்ட் செய்து சேவ், ஃபைண்ட்பைஐடி என்று வேண்டியதை மட்டும் அறிவியுங்கள். மீதியை ஸ்ப்ரிங் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: டாட்நெட்டில் ஐக்வெரியபிளை, அதாவது இன்னும் ஓடாத தேடலை, அப்படியே திருப்பிக் கொடுத்தால் அழைப்பவர் இஷ்டப்படி வடிகட்டலாமே மேடம்?

பதில்: நானும் அப்படித்தான் கொடுத்தேன், பட்டேன். கூட வேலை செய்தவர் வடிகட்டும் வேர் (where) கண்டிஷனுக்குள் தன் சொந்த மெத்தட் ஒன்றை அழைத்திருந்தார். டெஸ்டில் நினைவகத்து லிஸ்ட் என்பதால் எல்லாம் பச்சை. நிஜ டேட்டாபேஸில் அந்த மெத்தடை டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லாக மாற்றத் தெரியாமல், டாட்நெட்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான ஈஎஃப் கோர் எக்ஸெப்ஷன் வீசியது. 3.0-க்கு முந்தைய பதிப்புகள் இன்னும் மோசம்: வரிசைகளை மெமரிக்கு இழுத்து வந்து அங்கே வடிகட்டும், வேகம் போன பிறகுதான் விஷயமே தெரியவரும். அப்புறம் 'கெடு தாண்டிய பில்கள்' என்று மெத்தட் வைத்து, தேதியை வாங்கி, லிஸ்டாகக் கொடுத்தேன். பெயரைப் படித்தாலே என்ன வரும் என்று புரிகிறது. தேடலை வேகமாக்க எந்த இன்டெக்ஸ் வேண்டும் என்பதும் எனக்குத் தெரிகிறது.

கேள்வி: சேவ் மெத்தடுக்குள்ளேயே கமிட் செய்து, மாற்றத்தை டேட்டாபேஸில் உறுதியாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பில் கமிட் ஆகி, ஸ்டாக் குறைப்பது தோற்றால்? பொருள் போயிருக்கும், கணக்கில் இருக்கும். இரண்டையும் அழைக்கிற சர்வீஸே கமிட்டை முடிவு செய்யட்டும்.

கேள்வி: மாதாந்திர ரிப்போர்ட்?

பதில்: நேரடியாக எஸ்க்யூஎல் எழுதுங்கள். ஐந்து டேபிளை இணைக்கும் ஜாயினை ரெப்போசிட்டரிக்குள் திணிக்காதீர்கள்.

கேள்வி: ஈஎஃப் கோரில் டேட்டாபேஸோடு பேசும் கிளாஸான டிபிகான்டெக்ஸ்டே ஒரு ரெப்போசிட்டரிதான், மேலே இன்னொன்று எதற்கு என்கிறார் எங்கள் லீட்.

பதில்: நாலு ஸ்கிரீன் உள்ள சின்ன ஆப் என்றால் அவர் சொல்வதுதான் சரி.