கொதிக்கிற தண்ணிக்கு தீயைக் கூட்டினா சூடு ஏறுமா?

கேள்வி இதுதான்: "சார், சமையல் தெர்மாமீட்டர் வாங்கி கொதிக்கிற தண்ணில விட்டுப் பாத்தேன், 99, 100ன்னு நிக்குது, அடுப்பை ஃபுல்லா வச்சாலும் அதுக்கு மேல ஏறவே இல்ல. மீட்டர்ல கோளாறா? அப்ப நான் குடுக்கற சூடெல்லாம் எங்க போகுது? தீயைக் கூட்டி வச்சா சீக்கிரம் வேகாதா?"

மீட்டர் நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம். தீயைக் கூட்டறதுலயும் பிரயோஜனம் இல்ல, தண்ணிதான் சீக்கிரம் வத்தும். ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

தண்ணில மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சிட்டே இருக்கும், சூடு குடுத்தா துள்ள ஆரம்பிக்கும், எவ்ளோ வேகமா துள்ளுதோ அதைத்தான் தெர்மாமீட்டர் நமக்கு டிகிரியா காட்டுது. ஆனா 100 வந்ததும் கதை மாறிடுது. அதுக்கப்புறம் நீங்க குடுக்கற சூடு துள்ளலைக் கூட்டறதுக்குப் போகாம, அந்தப் பிடியைப் பிச்சு மூலக்கூறை தனித்தனியா ஆவியா வெளிய அனுப்பறதுக்கே செலவாயிடுது. பிடி விட்டுப்போனது மீட்டருக்கு எப்படி தெரியும், அது பாக்கறது வேகத்தை மட்டும்தானே. அதான் முள்ளு நகரல. இதுக்குப் பேரு உள்ளுறை வெப்பம், 1760கள்ல ஜோசஃப் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கண்டுபிடிச்சு சொன்னது.

எவ்ளோ சூடுன்னு கணக்கு பாத்தா அசந்துடுவீங்க. 1 கிராம் தண்ணிய 20 டிகிரிலேர்ந்து 100க்கு கொண்டுபோக சுமாரா 334 ஜூல் (சூட்டை அளக்கற அலகு) போதும், அதே 1 கிராமை 100லயே வச்சு முழுசா ஆவியாக்க 2257 ஜூல் வேணும், அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. ஒரு பாத்திரம் தண்ணி கொதிக்க 10 நிமிஷம் ஆச்சுன்னா அதே தீயில அது முழுசா வத்த ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். (ஐஸ் உருகறப்பவும் இதே கூத்துதான், 0 டிகிரிலயே நின்னுட்டு கிராமுக்கு 334 ஜூல் முழுங்கும். ஆனா அங்க பிடி கொஞ்சம் தளர்ந்தா போதும், முழுசா விட வேண்டியதில்ல, அதான் செலவு கம்மி.)

எல்லா திரவத்துக்கும் பிடி ஒரே மாதிரி இருக்காது. அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதோட மூலக்கூறு தண்ணியை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை, எடையை மட்டும் பாத்தா அதுதான் லேட்டா கொதிக்கணும், ஆனா மைனஸ் 60லயே கொதிச்சு கேஸ் ஆயிடுது! தண்ணிக்கு ஹைட்ரஜன் பிணைப்புன்னு ஒரு எக்ஸ்ட்ரா பிடி இருக்கு, அது மட்டும் இல்லேன்னா நம்ம டம்ளர்ல தண்ணியே நிக்காது. எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஆல்கஹாலுக்கும் அந்தப் பிடி உண்டு, ஆனா கம்மி, அதனால 78லயே கொதிச்சிடும். சானிடைசர் கையில பட்டா ஜில்லுன்னு இருக்கே, அதுவும் நம்ம தோல்லேர்ந்து சூட்டை உருவி ஆவியாகறதாலதான்.

சரி, அப்ப 100ஐத் தாண்டவே முடியாதா? முடியும், தீயால இல்ல, அழுத்தத்தால. தண்ணி மேல காத்து அழுத்திட்டே இருக்கு, உள்ள உருவாகற ஆவிக் குமிழி அந்த அழுத்தத்தை சமாளிச்சாதான் கொதிக்கும். பிரஷர் குக்கர்ல ஆவியை அடைச்சு வச்சு அழுத்தத்தை ரெண்டு மடங்காக்கினா கொதிநிலை 120 பக்கம் போயிடும், அதான் சீக்கிரம் வேகுது. அங்கயும் அழுத்தம் வந்தப்புறம் சிம்ல வச்சா போதும், மிச்ச தீயெல்லாம் வெயிட் வழியா புஸ்ஸுன்னு வெளிய போறதுக்குத்தான். மலை மாதிரி உயரமான இடத்துக்குப் போகப் போக இதுக்கு நேர் எதிர், காத்தோட அழுத்தம் குறையறதால கொதிநிலை சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும், உங்க மீட்டர் 99 காட்டினதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம். உப்பு போட்டா கொதிநிலை ஏறும்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா 1 லிட்டருக்கு 58 கிராம் உப்பு கொட்டினாதான் ஒரு டிகிரி ஏறும், வாயில வைக்க முடியாது.

அதனால கொதி வர்ற வரைக்கும் ஃபுல் தீ, வந்தப்புறம் கொதி அடங்காத அளவுக்குக் குறைச்சு, மூடி போட்டு வைங்க. ஆறின பொருளை உள்ள போட்டு கொதி அடங்கிட்டா மறுபடி கூட்டிக்கலாம், வத்த வைக்கணும்னாலும் கூட்டி வைங்க, அப்ப தேவையே ஆவியாகறதுதானே.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, மூடியைத் திறக்கறப்ப உங்க பக்கமா திறக்காதீங்க. ஆவி கையில பட்டு திரும்ப தண்ணியாகறப்ப அந்த 2257 ஜூலையும் தோல் மேலயே இறக்கிட்டுப் போகும், அதே எடை கொதிதண்ணி குடுக்கற சூட்டை விட ஒன்பது மடங்குக்கு மேல.